கிரேட்டிங்கில் மாட்டிய கம்பீரம்

ஆண்கள் அலுவலகத்தில் மதிப்பாகத் தெரிவதற்குச் சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டால் போதும். செருகிய சட்டை மத்தியானத்துக்குள் பாதி வெளியே வந்துவிட்டால்கூட, "பாவம், என்ன வேலை செய்யறார் மனுஷன்" என்று அதற்கும் மதிப்பெண் விழும். பெண்களுக்கு அப்படி இல்லை. தலைமுடி கலைந்தால் வீட்டில் ஏதோ பிரச்சினை. நன்றாக வாரியிருந்தால் வேலையில் கவனம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அளவே அகலமுள்ள ஒரு பாதை இருக்கிறது. அதில் நடந்தால் நீங்கள் 'ப்ரொஃபஷனல்'. நான் அதில் நடக்கப் போய் நடு வழியில் மாட்டிக்கொண்டவள். மாட்டிக்கொண்டவள் என்பதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். பஸ் சீட்டுக்கு அடியில் இருக்குமே ஓர் இரும்புச் சட்டம் (நீங்கள் குனிந்து பார்த்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை), அதைத் தயாரிப்பவர்கள் நாங்கள். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். அவர் ஏ.சி. அறையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. மெஷின்களுக்கு நடுவில் நடமாடும் ஒரே பெண் நான்தான். தாம்பரத்தில் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி, அங்கிருந்து குன்றத்தூர் பஸ் பிடித்து வருவேன். சுடிதார், இழுத்துப் பின்னிய சடை, காலில் பன்றிக்குட்டி மாதிரி இரண்டு கறுப்பு சேஃப்டி ஷூ. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறையைத் தெரியவைத்தது ஒரு டீ. ஒருநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை அறிக்கையோடு நான் உள்ளே போனேன். அதில் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "ரெண்டு டீம்மா, ஒண்ணு சக்கரை இல்லாம" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பதற்றம். நேராகக் கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்து வைத்துவிட்டு, அப்புறம்தான் "நான் குவாலிட்டி இன்ஜினியர் சார்" என்றேன். சக்கரை இல்லாத டீயை யாரிடம் கொடுப்பது என்று வேறு கேட்டேன்.

அந்த வருத்தம் ஆறுவதற்குள் பெரிய செய்தி வந்தது. ஒரகடம் பக்கம் பஸ் பாடி கட்டும் பெரிய கம்பெனி ஒன்று எங்களுக்கு ஆர்டர் தரலாமா என்று பார்க்க ஆட்களை அனுப்புகிறது. அந்த ஆர்டர் வந்தால் எங்கள் தொழிற்சாலை பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுக்கும். வராவிட்டால் இருக்கிற ஷெட்டிலேயே பாதி மெஷின் தூங்கும். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட யாரை நிறுத்துவது என்று எம்.டி. சார் யோசித்தபோது, நான் எழுந்து, "நான் பண்றேன் சார். இங்க இருக்கிற ஒவ்வொரு மெஷினும் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். ஷூவில் வந்து பார்வை நின்றது.

"சரிம்மா தீபா. ஆனா வர்றவங்க பெரிய கம்பெனி. கொஞ்சம் ப்ரொஃபஷனலா வா" என்றார்.

அவர் நல்ல மனிதர். சுடிதாரைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வா என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் நான் அன்று மாலையே சுதா அக்காவிடம் போய்விட்டேன்.

சுதா அக்கா என் பெரியம்மா பெண். சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர். அவளுடைய கம்பெனியில் பெண்கள் எப்படி நிற்க வேண்டும், எப்படிக் கைகுலுக்க வேண்டும் என்பதற்கே ஒருநாள் வகுப்பு நடத்தியிருக்கிறார்களாம். அந்த ஒருநாள் வகுப்பை வைத்து ஒன்பது வருடமாகக் குடும்பத்தில் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு, "நீ உள்ள வந்தா ரூமே உன்னைத் திரும்பிப் பாக்கணும்டி" என்றாள். தன்னுடைய சாம்பல் நிற பிளேசரையும் அதற்கு ஜோடியான பேன்ட்டையும் எடுத்துக் கொடுத்தாள். பேன்ட் கீழே நல்ல அகலம், தரையைக் கூட்டிக்கொண்டு போகும். இடுப்பில் மட்டும், அவளுக்கும் எனக்கும் நடுவில் சில வருடங்களாக வளர்ந்துவந்த கருத்து வேறுபாடு தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு கொக்கியைப் போட்டேன். குனியாமல் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று முடிவானது.

பேன்ட்டின் நீளத்துக்கு உயரம் வேண்டும். அதற்காக நானும் அவளும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். குருவிக் கூண்டுக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவில் ஒருவர் காலணி பரப்பியிருந்தார். அங்கே கிடைத்தது அந்தக் கறுப்பு ஹீல்ஸ். குதிகால் பென்சில் தடிமன்தான். கணுக்காலைச் சுற்றிக் கட்ட ஒரு வார், அதற்குச் சின்னதாக ஒரு பக்கிள். போட்டு நின்று பார்த்தேன். சந்தை முழுவதும் ஒரு படி கீழே இறங்கின மாதிரி இருந்தது. எனக்கு அந்தக் காட்சி பிடித்துப்போனது.

அந்த நாளும் வந்தது. காலையில் சுதா அக்கா எங்கள் சேலையூர் வீட்டுக்கே வந்து என் சுருட்டை முடியை மெஷின் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் முடிந்து வலது பக்கம் தொடும்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். எங்கள் தெருவில் கரண்ட் போனால் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரைகூடக் காத்திருக்கலாம். கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் விளம்பரத்தில் ஷாம்பு போட்டபின் வரும் பெண். வலது பக்கம் ஷாம்பு போடுவதற்கு முன் வரும் பெண். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் சொல்லாமல் போனால் விஷயம் மோசம் என்று அர்த்தம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிக் கொண்டை போட்டு, வீட்டில் இருந்த கிளிப்பையெல்லாம் குத்தி, ஆட்டோ பிடித்தேன். சித்திரை வெயிலில் பிளேசர் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போகிறவளை பம்மல் சிக்னலில் எல்லோரும் பார்த்தார்கள். சுதா அக்கா சொன்னது பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு ஆண்கள். அவர்களுக்குத் தலைமை ஜெனிஃபர் மேடம். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பருத்திச் சுடிதார், தன் பையிலேயே கொண்டுவந்திருந்த சேஃப்டி ஷூ. எதையும் ஒரு தடவைதான் கேட்பார். பதிலை முழுசாகக் கேட்டுக்கொள்வார். சிரிக்க மாட்டார்.

எங்கள் ஷெட்டுக்குள் நுழையும் இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதைத் தாண்டினால் சேஃப்டி ஷூ கட்டாயம் என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையை எழுதி மாட்டியது நான். அன்று வந்த ஆண்கள் இருவருக்கும் ஸ்டோரிலிருந்து ஷூ எடுத்துக் கொடுத்து, ஹெல்மெட் கொடுத்து, லேஸ் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்ததும் நான். பிறகு ஹீல்ஸோடு அந்தக் கோட்டைத் தாண்டியதும் நான்தான். பேன்ட் தரை வரை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சேஃப்டி ஷூ போட்டால் பேன்ட் ஒரு சாண் தரையில் புரளும். அதற்குப் பயந்து, காலில் இரும்பு விழுந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்த பொறியாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்கு முன்னால் எண்ணெய்த் தண்ணீர் வடிய ஒரு கால்வாய் ஓடும். அதன் மேல் இரும்புக் கம்பிகளை வரிசையாக வைத்துச் செய்த மூடி. கிரேட்டிங் என்போம். தினமும் பத்து தடவை அதன்மேல் நடக்கிறவள் நான். தட்டையான ஷூவில் நடக்கிறவர்களுக்குக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சந்து இருப்பது தெரியாது. பென்சில் குதிகாலுக்கு அது முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஜெனிஃபர் மேடம் பிரஸ்ஸைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்ல கம்பீரமாகத் திரும்பினேன். வலது குதிகால் சந்துக்குள் முழுசாக இறங்கி, கொஞ்சம் சாய்ந்து, கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

முதலில் லேசாக இழுத்தேன். வரவில்லை. பேசிக்கொண்டே பலமாக இழுத்தேன். கிரேட்டிங்தான் சிணுங்கியது. ஷூவைக் கழற்றலாமென்றால் பக்கிளை அவிழ்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் சுதா அக்காவின் பேன்ட் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இவ்வளவையும் மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டது. வாய் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது.

அதன்பின் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஒரு மரியாதை வருகிறது. சுற்றுலா முழுவதையும் அந்த இடத்திலிருந்தே நடத்த ஆரம்பித்தேன்.

பிரஸ்ஸை விளக்கினேன். அது முடிந்ததும், எல்லோரும் அடுத்த பகுதிக்குக் கிளம்ப ஒரு காலைத் தூக்கியபோது, கையை நீட்டி, அதோ தெரிகிறதே அதுதான் வெல்டிங் பிரிவு என்றேன். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு மூவரும் எட்டிப் பார்த்தார்கள். வெல்டிங் முடிந்து, துளை போடுவது முடிந்து, பெயின்ட் அறைக்கு வந்தேன். பெயின்ட் அறை ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. சுவரைக் காட்டி, அதற்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது என்று வர்ணித்தேன். மூன்று பேரும் சுவரைக் கவனமாகப் பார்த்தார்கள். எம்.டி. சார் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவர், பார்வையாளர்களை மெஷின்களுக்கு நடுவில் அலையவிடாமல் ஒரே இடத்தில் நிறுத்தி விளக்குவது பாதுகாப்பான முறை என்று பாராட்டி, அதை நோட்டிலும் எழுதிக்கொண்டார். எம்.டி. சார் உடனே, ரொம்ப நாளாக இப்படித்தான் செய்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தைரியம் ஏறியது. இப்படியே பேசி முடித்துவிடலாம், இவர்கள் சாப்பிடப் போவார்கள், அப்புறம் தனியாக விடுவித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிளேசருக்குள் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. முகத்தில் மட்டும் புன்னகை அசையவில்லை.

பின்னால் ஹாரன் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏழுமலை அண்ணன், பெரிய தகடுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நான் நின்றது அவருடைய வண்டிப் பாதை. ரெண்டு நிமிஷம் அண்ணா என்று கையைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் ஆனது. மறுபடி காட்டினேன். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சுருள் வராததால் எனக்கு முன்னால் இருந்த பிரஸ் நின்றது. அந்தச் சத்தம் அடங்கியதும் ஷெட்டில் பாதி அமைதியாகிவிட்டது.

"இன்னா மேடம்," என்றார் ஏழுமலை அண்ணன், வந்தவர்கள் முன்னால் தன்னால் முடிந்த அளவு மரியாதையாக. "கொஞ்சம் ஓரமா வந்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

நான் ஓரமாக வரவில்லை. ஜெனிஃபர் மேடம் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி அவருடைய வழக்கமான கேள்விகளில் ஒன்றுதான். எல்லாத் தொழிற்சாலையிலும் கேட்பாராம். "இங்க யாராவது ஆபத்தான நிலைமையைப் பாத்தா என்ன செய்வாங்க?"

இந்தப் பதிலை நான் தூக்கத்திலும் சொல்வேன். "உடனே வேலையை நிறுத்துவோம் மேடம். மறைக்க மாட்டோம். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சத்தமா சொல்லுவோம்."

சொல்லி முடித்தபிறகு அந்த வாக்கியம் என் காதிலேயே திரும்பி வந்து விழுந்தது. எதிரே நின்ற பிரஸ், பின்னால் நின்ற வண்டி, இதை நம்பி எங்களுக்கு ஆர்டர் தரப்போகிற மூன்று பேர். இவ்வளவு நேரம் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது எதை? ஒரு பேன்ட்டின் நீளத்தை. சட்டென்று எனக்கே அலுத்துவிட்டது. மூச்சை இழுத்துவிட்டேன் (கொக்கி தாங்கியது).

"மேடம், அப்படி ஒரு நிலைமை இப்ப இங்க இருக்கு," என்றேன். "அது நான்தான். என் கால் கிரேட்டிங்ல மாட்டிக்கிச்சு."

ஜெனிஃபர் மேடம் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரமா?"

"நீங்க பிரஸ் பத்திக் கேட்டதுல இருந்து மேடம்."

"அது முதல் கேள்வியாச்சே."

"ஆமா மேடம்."

பாராட்டிய அந்த ஆள் தான் எழுதியதை அடித்துக்கொண்டிருந்தார். எம்.டி. சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிலந்தி வலையைத் தவிர ஒன்றும் இல்லை.

ஏழுமலை அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஆராய்ந்தார். "ஷூவைக் கயட்டிட்டுக் காலைத் தூக்கு மேடம், வேலை முட்ஞ்சிது" என்றார். என்னால் குனிய முடியாது என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அதற்கு இன்றுவரை நன்றி. எம்.டி. சார் பதறிப்போய், "நான் அவுக்கறேன்" என்று முன்னால் வந்து, சொன்னது என்ன என்று புரிந்து, அதே வேகத்தில் பின்னால் போனார். கடைசியில் ஜெனிஃபர் மேடமே முட்டி போட்டு உட்கார்ந்து பக்கிளை அவிழ்த்தார். எங்களுக்கு ஆர்டர் தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வந்தவர் என் கால் செருப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிற்சாலையில் எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

கால் வந்துவிட்டது. ஷூ மட்டும் கிரேட்டிங் மேல் தனியாக நின்றது. ஏழுமலை அண்ணன் அதைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். குதிகால் சந்திலேயே தங்கிவிட, மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. அதை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

அடுத்த சிக்கல், நான் எதைப் போட்டுக்கொள்வது? என் சேஃப்டி ஷூ லாக்கரில் இருந்தது. லாக்கர் சாவி என் பழைய பையில் இருந்தது. பழைய பை வீட்டில் இருந்தது, ஏனென்றால் அது ப்ரொஃபஷனலாக இல்லை. ஸ்டோரில் வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த ஷூ எல்லாமே ஆண்கள் அளவு. ஒரு பெண்ணும் இங்கே வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை (எனக்கும்தான்). ஒரு ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்து, குனியாமலே இன்னொரு ஹீல்ஸையும் கழற்றினேன். இருந்ததில் சின்ன ஜோடியை எடுத்து, மெஷின் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியை முன்னால் திணித்து, கால்களை நுழைத்தேன். அதே ஸ்டூலில் காலை வைத்து பேன்ட்டின் நுனியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "வாங்க மேடம், இப்ப நடந்தே பாப்போம்" என்றேன்.

டொக், டொக் என்று நான் முன்னால் போக அவர்கள் பின்னால் வந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அதற்கப்புறம் எனக்கு வார்த்தைகள் தானாக வந்தன. பிளேசரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். வெல்டிங்கில் போன மாதம் வந்த கோளாறையும், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். பெயின்ட் அறையில், உள்ளே தொங்கிய சட்டத்தைக் காட்ட அண்ணாந்து ஹெல்மெட்டைச் சரிசெய்தபோது, உள்ளே அழுத்தி வைத்திருந்த கொண்டை கிளிப்புகளோடு சரிந்தது. இடது பக்கம் ஒரு பெண்ணும் வலது பக்கம் இன்னொரு பெண்ணுமாக வெளியே வந்தோம்.

ஜெனிஃபர் மேடம் என் தலையை இரண்டு பக்கமும் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"நடுவுல கரண்ட் போயிடுச்சா?"

"ஆமா மேடம்."

"எங்க மடிப்பாக்கத்துலயும் அதே கதைதான்," என்றவர், பெயின்ட்டின் கனத்தை எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேட்டார்.

இதனால் அவர் எங்களுக்குச் சலுகை காட்டினார் என்று நினைக்க வேண்டாம். ஆர்டர் கிடைத்தது, முதலில் சோதனைக்காகக் கொஞ்சம், பிறகு பக்கத்து ஷெட்டை எடுக்கும் அளவுக்கு. ஆனால் இரண்டு குறைகளையும் தெளிவாக எழுதிவிட்டுத்தான் போனார். ஒன்று, கிரேட்டிங்கில் சந்து அதிகம். இரண்டு, சுற்றிக் காட்டியவரே சேஃப்டி ஷூ போடவில்லை. இந்த மாதிரிக் குறைகளுக்குத் தொழிற்சாலைகளில் 'ஒய்-ஒய்' என்று ஒரு சடங்கு உண்டு. ஏன் நடந்தது, அது ஏன், அதற்கும் ஏன் என்று அடி வேர் வரை தோண்டிப் பதில் அனுப்ப வேண்டும். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்தான் எழுத வேண்டும். அதாவது நான்.

ஏன் சேஃப்டி ஷூ போடவில்லை? பேன்ட் நீளம். ஏன் அந்த பேன்ட்? ப்ரொஃபஷனலாகத் தெரிய. ஏன் அப்படித் தெரிய வேண்டும்? டீ கேட்டுவிடாமல் இருக்க. ஏன் டீ கேட்டார்கள்? இந்தக் கேள்விக்கு வந்தபோது எம்.டி. சார் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இதுக்கு மேல தோண்டாதம்மா" என்றார். கிரேட்டிங்கை மாற்றினோம். ஸ்டோரில் பெண்கள் அளவில் ஷூ வாங்கி வைத்தோம். அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் முதல் நாளே தங்கள் அளவில் ஷூ போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று நான் சொல்லவில்லை. ஏழுமலை அண்ணன் சொல்லிவிட்டார், நடித்துக் காட்டி.

இப்போது அந்தத் தொழிற்சாலைக்குத் தரப் பிரிவுத் தலைவி நான். நன்றாக உடுத்திக்கொண்டு போவது எனக்கு இன்றும் பிடிக்கும். என் அளவுக்குத் தைத்த பிளேசர் இரண்டு வைத்திருக்கிறேன். மீட்டிங் அறைக்குள் நான் நுழைந்தால் திரும்பித்தான் பார்க்கிறார்கள், டீ கேட்பதில்லை.

மரியாதை இல்லாதது வீட்டில்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே, செருப்பை வாசலில் விடு என்று ஹாலுக்கு நடுவில் நின்று நான் விளக்க ஆரம்பித்தால், என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மகளிடம் சொல்லுவார். "பாப்பா, அம்மா ரொம்ப நேரமா ஒரே எடத்துல நின்னு பேசறா. காலு எதுலயாவது மாட்டிக்கிச்சா பாரு."

யு.கே.ஜி. படிக்கும் அவள் அதை உண்மையென்றே நம்புகிறாள். ஓடிவந்து தரையில் படுத்து, என் இரண்டு பாதங்களையும் தூக்கிப் பார்த்துவிட்டு, கவலையே இல்லாமல் அறிவிப்பாள்.

"மாட்டலப்பா. சும்மாதான் பேசிட்டிருக்கா."